உடுக்குக் குளிசை

வைகாசி பிறந்துவிட்டால் மருந்து கொடுக்கும் யன்னலில் ஒரு கேள்வி வரத் தொடங்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நியமனம் பெற்றிருப்பவர்கள் அதை முதல் வருடத்திலேயே கேட்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் அம்மன் கோயில்களில் கதவு திறக்கப்போகும் காலம் அது. நேர்த்தி வைத்தவர்களும் கோயில் வேலை செய்பவர்களும் சடங்கு முடியும்வரை வீட்டுக்குப் போகமாட்டார்கள். கோயில் வளவுக்குள்ளேயே படுக்கை. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் அங்கே சமைத்தது. ஆகவே நாளாந்தம் மருந்துக் குளிசை விழுங்குகிறவர்கள் யன்னலில் வந்து கேட்பார்கள்: “ஐயா, சடங்கு முடியுமட்டும் குளுசைய நிப்பாட்டினா என்ன?”

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மருந்தாளர்களுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். மருந்துகளை அடுக்கவும், காலாவதி பார்க்கவும், அளவு கணக்கிடவும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் படித்த காலத்தில் இல்லாத மருந்துகளை நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது, நான் மேலே சொன்ன கேள்விக்கு ஒருநாள் என்ன பதில் சொன்னேன், அதன் பிறகு என்ன செய்தேன் என்பதுதான். அதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. வெளியூர்களிலிருந்து வரும் வைத்தியர்கள் ‘கூடாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கப்சூல் கூடுகளில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்று ஊரில் உலவும் பேச்சும், ஆசுப்பத்திரியில் தந்ததை அம்மன் வாசலில் வைத்து விழுங்கலாமா என்ற தயக்கமும் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. நான் வாவிக்கு மற்றப் பக்கம், தேற்றாத்தீவில் பிறந்தவன். இளவயதில் நானும் நேர்த்தி வைத்துக் கோயில் வளவில் படுத்திருக்கிறேன். ஆகவே வைத்தியரின் அறையில் ஒருமுறை ‘கூடாது’ என்று கேட்டவர்கள் என் யன்னலில் இரண்டாம் முறை கேட்பார்கள். சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கு நான் விட்டுக்கொடுப்பேன். கொழுப்புக்குக் குளிசை போடுகிறவர்களுக்கும் சில நாளைக்கு விட்டுக்கொடுப்பேன். “கொஞ்ச நாள்தானே, மறுகா போடுங்க” என்பேன். “டொக்டர்மாருக்கு என்ன தெரியும், நம்மட ஐயாட்டக் கேட்டாக் காணும், அது போதும்” என்று வரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என் காதில் விழும். அதைக் கேட்பதற்காகவே பல தடவை அந்தச் சலுகையைக் கொடுத்தேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

சீனித்தம்பி அண்ணன் நான் வேலை பார்த்த ஊர் அம்மன் கோயிலில் உடுக்கு அடித்துப் பாடுபவர். மற்ற நாட்களில் வட்டையில் வயல் செய்பவர். சடங்கின் கடைசி நாள், அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாட்டு அவருடைய குரலில்தான் போகும். நடுவயதில் அவருக்கு மூட்டுவாதம் வந்தது. காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. தண்ணீர்ச் செம்பைக்கூட இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துத் தூக்குவார். உடுக்கின் இடுப்பைப் பிடிக்க விரல் மடங்காதவர் உடுக்கு அடிக்க முடியுமா? ஒரு வருடம் கோயிலில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்து உடுக்கை அடித்தார், இவர் பாடினார். அந்த வருடம் மனிதர் அரை மனிதராக இருந்தார் என்று அவருடைய மனைவி பூரணம் பின்னர் என்னிடம் சொன்னார்.

நகரத்து வைத்தியசாலையில் அவருக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை தொடங்கினார்கள். சில நாட்களுக்குள் விரல் மடங்கியது. அதன் பிறகு அதை நிறுத்தவேயில்லை. பல வருடங்கள் போட்டார். மாதாந்தக் கிளினிக்குக்கு வந்து என் யன்னலில் நின்று வலது கையை உள்ளே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துக் காட்டுவார்.

“பாருங்க ஐயா, எப்பிடி மடங்குதெண்டு. இந்த உடுக்குக் குளுசைய மட்டும் குறைச்சுப்போடாதீங்க.”

உடுக்குக் குளிசை என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான். பிறகு நாங்களும் மருந்தறையில் அப்படியே சொல்லத் தொடங்கினோம்.

அந்தக் குளிசையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீண்ட காலம் போட்டால், உடம்பு தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். பிறகு அதைத் திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயிருந்தும் வராது. நிறுத்துவதென்றால் வைத்தியர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கும் தெரியும். தெரியாமல் செய்த பிழை என்று இதில் எதுவும் இல்லை.

சடங்குக்கு முந்திய கிளினிக் நாள். சனம் வாசல்வரை நின்றது. கோயிலுக்குள் போகிறவர்கள் எல்லோரும் அன்றைக்கே மருந்து எடுக்க வந்திருந்தார்கள். சீனித்தம்பி அண்ணனின் மருந்துகளைக் கட்டி யன்னலில் வைத்துவிட்டு அடுத்தவருடைய குளிசைகளை எண்ணத் தொடங்கியிருந்தேன்.

“ஐயா, நாளைக்கு உள்ளுக்குப் போறன். குளுசையெல்லாம் சடங்கு முடிய மறுகாத் தொடங்கினாக் காணுந்தானே?”

“ஓம் அண்ணன், காணும். போயிட்டு வாங்க.”

நான் தலை நிமிரவில்லை. அவருக்குச் சத்துக் குளிசையும் கல்சியமும்கூட எழுதப்பட்டிருந்தன. அவற்றைத்தான் நினைத்துச் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் எதையும் நினைக்கவில்லை. கேள்வி வந்தது, வாயில் பழகியிருந்த பதில் வெளியே போனது. எந்தக் குளிசை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் தானாகவே ‘உடுக்குக் குளுசையும்தான்’ என்று சொல்லியிருப்பார்.

கோயிலுக்குள் போன இரண்டாம் நாள் அவருக்குக் களைப்பு தொடங்கியதாகப் பிறகு அறிந்தேன். விரதக் களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை. வயிற்றைப் பிரட்டியது. எழுந்து நின்றால் கண் இருண்டது. செய்தி கேள்விப்பட்ட பூரணம் கொத்தமல்லி அவித்து எடுத்துக்கொண்டு கோயில் வளவின் எல்லைக்கு வந்து, அங்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கொடுத்தார். அண்ணன் குடித்ததை அப்படியே வாந்தியாகச் சத்தி எடுத்தபோது பூரணம் தன் சேலைத் தலைப்பால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டார். அதைப் பலர் பார்த்தார்கள்.

மறுநாள் காலைப் பூசையில், பாட்டின் நடுவில், உடுக்கோடு விழுந்தார்.

உடுக்கு கையிலிருந்து உருண்டு போனது என்றும், அதைத் தொட்டு எடுக்க ஒருவரும் முன்வரவில்லை என்றும் சொன்னார்கள். பிறகு யாரோ ஒருவர், பூரணம் தன் தங்கையின் மகளுக்குப் பிறந்த பிள்ளையைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனவர் என்பதை ஞாபகப்படுத்தினார். அந்த வீட்டில் பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கு இன்னும் கழியவில்லை. அந்தத் துடக்கோடு வந்து, விரதத்தில் இருப்பவரைத் தொட்டுவிட்டார். அம்மன் பொறுக்கவில்லை. இவ்வளவும் ஆட்டோ வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

ஆட்டோவைக் கூப்பிட்டது பூரணம்தான். அம்மன் விழுத்தின ஆளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகாதே, தண்ணீர் ஓதித் தெளித்தால் எழும்புவார் என்று சிலர் தடுத்திருக்கிறார்கள். “எழும்பினா நடந்து வரட்டும், இப்ப தூக்குங்க” என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எங்கள் வைத்தியசாலையில் வேறு ஒருவரைப் பாராட்டினார்கள்.

கடமையில் இருந்த வைத்தியர் இளம் பெண். கொழும்புப் பக்கத்தவர். நிதானமானவர். இரத்த அழுத்தம் மிகக் கீழே இருந்தது. விரதமும் சத்தியுமாக உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சேலைன் ஏற்றச் சொன்னார். போத்தல்களை எடுத்துக்கொண்டு நோயாளர் வாட்டு வாசலுக்கு வந்தேன். வைத்தியர் பூரணத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார், இவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து போடுகிறவர் என்று.

“கைக்குக் குளுசை போடுறவர் டொக்டர். ஒரு நாளும் விடமாட்டார். கோயிலுக்கும் கொண்டு போனவர். பையில நான்தான் வச்சுக் குடுத்தன்.”

பூரணம் பொய் சொல்லவில்லை. பையில் வைத்துக் கொடுத்தது உண்மை. அண்ணன் அதைத் திறக்கவில்லை என்பது பூரணத்துக்குத் தெரியாது. என் பதில் அவருக்குத் தெரியாது. அந்த வாட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பேச முடியவில்லை.

நான் போத்தல்களைக் கொடுத்துவிட்டு மருந்தறைக்குத் திரும்பினேன். அவசர மருந்து அலுமாரியில், ஆஸ்துமா முட்டு வருத்தக்காரருக்காக வைத்திருக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி மருந்து இருந்தது; அதுவும் உடுக்குக் குளிசையின் இனம்தான். ஒரு குப்பியை எடுத்தேன். எடுத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்று சரியாக எழுத வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். சேலைன் ஏறினால் அழுத்தம் ஏறக்கூடும் என்று யோசித்தேன். ஏறிவிட்டால் சொல்லத் தேவையில்லை. விரதம்தான் காரணமாக இருக்கலாம், என் பதில் காரணமாக இல்லாமல் இருக்கலாம். வைத்தியரே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் நான் சொல்ல வேண்டியிராது. இப்படி ஒவ்வொன்றாக யோசித்தேன். எல்லாம் நல்ல காரணங்கள் போலவே தெரிந்தன. அவர் சாகலாம் என்பதையும் யோசித்தேன். அதை யோசித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

முதற்போத்தல் முடிந்து இரண்டாவது மாற்றினார்கள். அழுத்தம் ஏறவில்லை. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்பிவரச் சுணங்கும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். வைத்தியரின் குரல் உயர்ந்தது அப்போதுதான் எனக்குக் கேட்டது. வாட்டுக்குப் போனேன். பூரணம் அண்ணனின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கை கட்டிலில் மல்லாந்து கிடந்தது.

“டொக்டர், இவர் கனகாலமா ஸ்டெரொயிட் போடுற ஆள். விரதத்துக்கு அத நிப்பாட்டியிருப்பார் போல இருக்கு.”

வைத்தியர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். “மருந்தையும் கையிலயே கொண்டு வந்திட்டீங்க” என்றார். அது பாராட்டு. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அந்தக் குப்பி என் உள்ளங்கைச் சூட்டில் சூடாகியிருந்தது.

ஊசி போட்டார்கள். அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கியது. அம்புலன்ஸ் வந்தபோது அவர் கண் திறந்து, உடுக்கு எங்கே என்று கேட்டார்.

அந்த மாத ஊழியர் கூட்டத்தில் வைத்தியர் என் பெயரைச் சொன்னார். மருந்தாளர் யோசித்திருக்காவிட்டால் அந்த மனிதர் இன்றைக்கு இல்லை, எல்லோரும் இப்படி நோயாளியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் நிறுத்தச் சொன்னேன் என்று சொல்வதற்கு வாட்டில் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. ‘நிப்பாட்டியிருப்பார் போல’ என்று சொல்லி அதைக் கடந்தேன். கூட்டத்தில் இன்னொரு சந்தர்ப்பம். கைதட்டு வாங்கிய பிறகு அது முன்பைவிடக் கனமாகிவிட்டது. உண்மையைச் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கஷ்டமாக்கும். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாததால் எழுதுகிறேன்.

அண்ணன் நகரத்து வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்ததும் வைத்தியர் என்னிடம் சொன்னார், “நீங்களே விளங்கப்படுத்துங்க, உங்கட சொல்லத்தான் கேப்பாங்க” என்று. நான் சீனித்தம்பி அண்ணனிடம், இந்தக் குளிசையை இனி ஒருநாளும் தானாக நிறுத்தக்கூடாது என்றேன். ஓம் ஐயா என்றார். நகரத்திலும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நம்முடைய ஆட்களிடம் எல்லா மருந்தையும் பற்றி எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நீங்கள் விழுந்தது அதை நிறுத்தியதால்தான் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கணக்கு வேறு. அது விரலுக்குப் போடுகிற குளிசை. அதை விட்டால் விரல்தானே வீங்க வேண்டும்? ஆள் ஏன் விழ வேண்டும்? அந்தக் கணக்கில் பிழையில்லை. அதை மாற்றக்கூடிய ஒரு விவரம் என்னிடம் இருந்தது. நான் அதைக் கொடுக்கவில்லை.

அடுத்த வைகாசியில் உடுக்கு வேறொருவர் கைக்குப் போனது. கோயில் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர் அண்ணனோடு பகையாக எதுவும் பேசவில்லை. ஒரு வருடம் விட்டுப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு வருடம் முடியவேயில்லை. பூரணத்தை வரவேண்டாம் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் அம்மனுக்குப் பொங்கும் அரிசிக்குப் பெண்கள் கூடி நெல் குற்றுவது ஒரு சடங்கு. பூரணம் கலியாணம் முடித்து வந்த வருடத்திலிருந்து அதில் நின்றவர். அந்த வருடமும் போய் நின்றார். உலக்கை கைமாறிக்கொண்டே இருந்தது. அவரிடம் மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு நின்றுவிட்டு வந்தவர், அதன் பிறகு போகவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாதாமாதம் அண்ணனின் மருந்தை எடுக்கப் பூரணம்தான் என் யன்னலுக்கு வந்தார். அண்ணன் கிளினிக்குக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். விரலை மடித்துக் காட்ட அதன் பிறகு ஒருவரும் வரவில்லை.

ஒரு நாள் பூரணம் மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

“ஐயா, ஒண்டு கேக்கணும். துடக்கால ஆள் விழுமா?”

பின்னால் வரிசை நின்றது. எனக்கு முன்னால், அவர் கையில், உடுக்குக் குளிசை இருந்தது. பதில் அவர் கையிலேயே இருந்தது. நான் சுட்டிக் காட்டினால் போதும்.

“அதெல்லாம் ஆக்கள் கதைக்கிற கதை. நீங்க மனசில வைக்காதீங்க” என்றேன்.

“நான் மனசில வைக்கல்ல ஐயா. ஆக்கள்தான் வச்சிரிக்காங்க.”

நான் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

பிறகு எனக்கு இடமாற்றம் கிடைத்தது. அந்த வைத்தியர் எனக்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார். ஓய்வு பெற்று ஊரோடு இருந்தேன். சில வருடங்களில் எனக்கும் இருதயத்துக்கும் அழுத்தத்துக்குமாகக் குளிசைகள் எழுதினார்கள். அதில் ஒன்று என்னைச் சோர்வாக்கியது. மருந்தாளனாக இருந்தவன் என்ற தைரியத்தில் அதை நானே நிறுத்தினேன். இரண்டு மூன்று நாளில் நெஞ்சு படபடத்தது, தலை கனத்தது, கை வியர்த்தது. கிளினிக்கில் வைத்தியர் மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். வாழ்நாள் முழுவதும் நோயாளிகளைப் பொய் சொல்லாதீர்கள் என்று ஏசியவன் நான்.

மருந்து யன்னலில் ஒரு பெண்பிள்ளை இருந்தார். உங்களில் ஒருவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்தவர் மருந்தை எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, “ஐயா, இதில எத நிப்பாட்டினீங்க?” என்று கேட்டார். நிறுத்தினீர்களா என்று கேட்கவில்லை. ஏசும் குரலும் இல்லை. நான் காட்டினேன். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஆரும் நிப்பாட்டச் சொன்னாங்களா?”

ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றேன். என்னைத் திரும்ப வைத்தியரிடம் அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டாவது கேள்வி என்னோடு வந்தது. வாட்டிலோ, நகரத்திலோ, அதன் பிறகு எத்தனையோ கிளினிக் நாட்களிலோ யாராவது ஒருவர் சீனித்தம்பி அண்ணனிடம் அதைக் கேட்டிருந்தால், அவர் எந்த மனக்கசப்பும் இல்லாமல் என் பெயரைச் சொல்லியிருப்பார். கேட்க வேண்டிய வேலையில் இருந்தவன் நான்.

அடுத்த கிழமை வாவியைக் கடந்தேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் இயந்திரப் பாதை என்ற மிதவைப் படகில் நின்றுகொண்டே போனேன். சீனித்தம்பி அண்ணன் முற்றத்தில் கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. பூரணம் பாயில் கொச்சிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் எழும்பினார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டே சொன்னேன். முதலில் கிளினிக் நாள். பிறகு மருந்தறை. பிறகு கூட்டத்தில் கைதட்டியது. பிறகு யன்னலில் பூரணம் கேட்டது.

அண்ணன்தான் முதலில் பேசினார்.

“உடுக்குக் குளுசைய விட்டதா ஐயா என்னத் தூக்கி எறிஞ்சது?”

அப்படித்தான் என்றேன். அவர் தன் கையைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப அது விரலுக்கு மட்டும் இல்ல. முழு ஆளையும் அதுதான் பிடிச்சிட்டு நிண்டிரிக்கு.” பிறகு, “பறவாயில்ல ஐயா. உயிரத் தந்தவரும் நீங்கதான். இந்த விரலோட இனி அடிக்கவா போறன்?” என்றார்.

“உங்களுக்குப் பறவாயில்ல” என்றார் பூரணம். அவர் இன்னும் உட்காரவில்லை. “எனக்கு?”

அவர் என்னைப் பார்த்தார்.

“யன்னலடியில வந்து கேட்டன். ஞாபகம் இரிக்கா ஐயா?”

“இரிக்கு.”

“அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

உள்ளே போனார். கொஞ்ச நேரம் வரவில்லை. திரும்பி வரும்போது தேத்தண்ணி கொண்டுவந்தார். அதை என் கையில் தராமல் பக்கத்துக் கதிரையில் வைத்தார்.

“குடிங்க. மறுகா, இத இஞ்ச வந்து சொல்லிக் காணாது. நான் துடக்கெண்டு இந்த முத்தத்தில வச்சா சொன்னாங்க? கதவு திறக்கிற அண்டைக்கு வாங்க. வண்ணக்கர்ட்டச் சொல்லுங்க. ஆக்கள் நிக்கக்குள்ள சொல்லுங்க.”

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க சும்மா இரிங்க” என்றார் பூரணம். நான் வருகிறேன் என்றேன்.

இந்த வருடம் கதவு திறந்த அன்று பிற்பகல் போனேன். வண்ணக்கர் இப்போது வேறொருவர், பழையவரின் மருமகன். பந்தலுக்குக் கீழே ஆட்கள் நின்றார்கள். பெண்கள் நெல் குற்றுவதற்காக உரல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே, பல வருடங்களுக்குப் பிறகு, பூரணம் வந்து நின்றார். நான் வண்ணக்கரிடம் சொன்னேன். மெல்லச் சொல்லத் தொடங்கினேன், கேட்கவில்லை என்றார்கள், சத்தமாகச் சொன்னேன். மருந்தின் பெயரைச் சொன்னேன். துடக்கு இல்லை, நான் சொன்ன பதில்தான் என்றேன். ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன்.

வண்ணக்கர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஒரு கிழவர், “அப்ப அம்மாட வாசல்ல குத்தம் செஞ்ச ஆள் ஐயாதான். பரிகாரத்துக்கு மடைப் படையல் வைக்கிறெண்டா இவர்ட தலையிலதான் வைக்கணும்” என்றார். சிலர் சிரித்தார்கள். “சரி ஐயா, கேட்டாச்சு” என்றார் வண்ணக்கர். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பூரணத்திடம் ஓடிப்போய் உலக்கையைக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் கொடுப்பார்களா என்றும் எனக்குத் தெரியாது. பிழையைச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் உங்களுக்கு எழுத முடியாது. ஆகவில்லை.

நான் பாதைப் படகுக்குத் திரும்ப நடக்கத் தொடங்கினேன். பூரணம் பின்னால் வந்து கூப்பிட்டார். அவரோடு, நெல் குற்ற வந்திருந்த பெண்களில் ஒருத்தி. அவள் கையில் ஒரு பை.

“ஐயா, இவ நேர்த்தி வச்சு உள்ளுக்குப் போறா. குளுசைய நிப்பாட்டலாமாண்டு கேக்கா.”

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தங்கள் பைகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

“எந்தக் குளுசை? எதுக்குப் போடுறீங்க? எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்க” என்றேன்.

அவள் உறைகளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தாள். படித்தேன். எதையும் நிறுத்த வேண்டாம் என்றேன். நான்கில் ஒன்று வலிப்புக்குரியது; அதை ஒரு வேளையும் விடக்கூடாது, ஏன் விடக்கூடாது, விட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். நாளைக் காலை உள்ளே போவதற்கு முன்னர் வைத்தியரிடமும் போய்க் காட்டிக் கேட்கச் சொன்னேன்.

பூரணம் போகாமல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பாத்தீங்களா ஐயா?”

“பாத்தன்.”

“இன்னொருக்காப் பாருங்க.”

நான் உறைகளைத் திரும்பக் கையில் வாங்கி, இன்னொரு முறை பார்த்தேன்.